பாயசத்தில் ஏன் முந்திரி இல்லை

போன மாதம் பெரியவளின் பிறந்த நாளுக்கு உங்கள் அம்மா சேமியாப் பாயசம் வைத்தாள். சின்னவன் கரண்டியால் கிண்டிக் கிண்டிப் பார்த்துவிட்டு, "எல்லார் வீட்டு பாயசத்துலயும் முந்திரி கெடக்குது. நம்ம வீட்ல மட்டும் ஏம்பா இல்ல? நம்ம ஊருதான் முந்திரி ஊரு, ஸ்கூல்ல மிஸ்ஸே சொன்னாங்க" என்று கேட்டான். அம்மா அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள். நான், "திராட்ச இருக்குல்ல, அத தின்னு" என்று அதட்டினேன்.

அதட்டியது பதில் ஆகாது என்று எனக்கும் தெரியும். வாயால் சொல்ல ஆரம்பித்தால் உங்கள் அம்மா பாதியிலேயே வந்து, "புள்ளைங்ககிட்ட இதெல்லாம் எதுக்கு" என்று நிறுத்திவிடுவாள். அதனால் எழுதி வைக்கிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும்.

இப்போது நாம் செம்மண்டலத்தில் வாடகைக்கு இருக்கிறோம். இதற்கு முன் அண்ணாகிராமம் பக்கம் இருந்தோம் என்பது பெரியவளுக்கு நன்றாக நினைவிருக்கும். சின்னவனுக்கு அந்த வீட்டு வாசலில் நின்ற பலாமரம் மட்டும்தான் நினைவிருக்கிறது என்கிறான். அங்கே நானும் அம்மாவும் ஒரே முந்திரி கம்பெனியில் வேலை பார்த்தோம். கம்பெனி என்றதும் பெரிய கட்டடமாக நினைக்காதீர்கள். தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை, பின்னால் ஒரு பாய்லர், முன்னால் முதலாளி உட்காரும் ஓர் அறை, அவ்வளவுதான். முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய அத்தா, அதாவது அப்பா, காலத்துக் கம்பெனி அது.

நான் கம்பெனியின் குட்டி யானையை ஓட்டினேன். குட்டி யானை என்பது அந்தச் சின்ன லோடு வண்டி, உங்களுக்குத் தெரியும். கொட்டை மூட்டையை ஏற்றிக்கொண்டு வருவது, பருப்பு டின்னைக் கடலூரிலும் சிதம்பரத்திலும் கடை கடையாக இறக்குவது என் வேலை. அம்மாவின் வேலை உள்ளே. கொட்டையை வேகவைத்து, ஓட்டை உடைத்து, பருப்பைச் சூட்டில் காயவைத்து, மேல்தோலை உரித்து, ரகம் பிரித்து டின்னில் அடைக்க வேண்டும். அம்மா ஓடு உடைப்பதில் சேர்ந்து, பிறகு தோல் உரிக்கப் போய், கடைசியில் ரகம் பிரிக்கும் இடத்துக்கு வந்தாள்.

அது நல்ல வேலை என்று நான் சொல்ல மாட்டேன். முந்திரி ஓட்டில் ஓர் எண்ணெய் இருக்கிறது. பட்டால் தோல் வெந்து உரிந்துவிடும். சாம்பலைத் தேய்த்துக்கொண்டுதான் பெண்கள் உடைக்க உட்காருவார்கள். அப்படியும் விரல் நுனியெல்லாம் கறுத்து வெடித்துப்போகும். பெரியவள் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா கையால் சோறு பிசைந்து ஊட்டியதே இல்லை. ரசம் பட்டால் வெடித்த விரல் எரியும். ஸ்பூனால்தான் ஊட்டினாள். பக்கத்து வீட்டுக்காரி, "என்னாடி, வெள்ளக்காரி மாதிரி ஸ்பூனு" என்று கேலி செய்வாள். அம்மாவும், "ஆமா, எங்க மாமியா லண்டன்லதான பொறந்துச்சு" என்பாள்.

ஆனால் அது வேலை. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது. வாரக் கூலி அவள் கையில் நேராக வந்தது. அதைக் கொண்டு அவள் என்னைக் கேட்காமல் உங்களுக்கு ஒரு சட்டை வாங்கலாம், வேண்டாம் என்றும் இருக்கலாம். எனக்கு இருந்ததைவிட அவளுக்கு அது பெரிதாக இருந்தது என்று எனக்கு வெகு நாள் தெரியவில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இது தெரியாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. கம்பெனியில் பருப்பை வாயில் போடக் கூடாது. யார் போட்டாலும் வேலை போய்விடும். பெண்கள் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் உட்காருவார்கள். சாயங்காலம் வெளியே வரும்போது செக்கிங் உண்டு, மடியை உதறிக் காட்ட வேண்டும். பாய் கெட்டவர் இல்லை. எல்லாக் கம்பெனியிலும் அப்படித்தான். அதற்குப் பதிலாகப் பொங்கலுக்கு ஆளுக்கொரு பை குருணை கொடுப்பார். குருணை என்றால் உடைந்த தூள், விற்காமல் போன வருஷத்திலிருந்து சாக்கிலேயே கிடந்தது. பழைய எண்ணெய் மாதிரி கொஞ்சம் சிக்கு வாடை அடிக்கும். அதை வறுத்துப் பொங்கலில் போட்டால் வீடே மணக்கும். உங்கள் அம்மா மூக்கை நீட்டி, "இதான் நம்ம கம்பெனி வாசன" என்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஊரில் விழுந்து கிடக்கும் கொட்டையைப் பொறுக்கி அனலில் சுட்டுத் தின்றிருக்கிறோம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதில் புகை வாசனைதான் இருக்கும். டின்னில் அடைத்து ஊருக்கு அனுப்பினோமே, அந்த முழுப்பருப்பை எங்கள் இரண்டு பேரில் யாரும் வாயில் வைத்ததில்லை. வைக்கவில்லை என்பதுகூட எங்களுக்கு அப்போது தோன்றியதில்லை.

நம் ஊர் விளைச்சல் சில மாதத்துக்குத்தான் வரும். மற்ற மாதங்களில் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்த கொட்டையைத்தான் உடைத்தோம். சாக்கின் மேல் என்னென்னவோ எழுதியிருக்கும். "இந்த ஆப்பிரிக்காகாரன் கொட்ட கல்லு மாதிரி இருக்குடி, அவன் பல்லு எப்பிடி இருக்குமோ" என்று பெண்கள் சிரிப்பார்கள். ஆக, வெளிநாட்டுச் சரக்கு எங்களுக்குப் புதிது இல்லை. நாங்கள் அதில்தான் பிழைத்தோம். பிள்ளைகளா, இதை மட்டும் புரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து கொட்டையாக வந்தவரைக்கும் அதை உடைக்கிற வேலை இங்கே இருந்தது. பருப்பாகவே வர ஆரம்பித்தபோது அந்த வேலையை அங்கேயே முடித்துவிட்டு வந்தது.

பருப்பாக வந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். கடலூரில் ஒரு மொத்த மளிகைக் கடைக்கு டின் இறக்கப் போனபோது, எங்கள் டின் வைக்கிற இடத்தில் அட்டைப் பெட்டி அடுக்கியிருந்தது. அங்கே மூட்டை தூக்கும் ஆள் எனக்குப் பழக்கம். அவன்தான் சொன்னான்.

"என்னா மச்சான், இன்னும் டின்ன தூக்கிக்கினு வர்ற? இப்ப இதான் ஓடுது. வியட்நாம்."

"நல்லா இருக்குதா?"

"எனக்கு என்னா தெரியும்? வெல கம்மி. கம்மியா இருந்தா நல்லாத்தான் இருக்கும்."

அங்கே மிஷினே உடைத்து, மிஷினே தோல் எடுத்துவிடுகிறதாம். வரி கட்டுகிறார்களா, வேறு பெயர் சொல்லிக் கொண்டுவருகிறார்களா என்று பாய் மற்ற முதலாளிகளோடு போனில் சத்தம் போட்டுப் பேசுவார். எனக்கு அந்த விவரம் முழுதாகப் புரிந்ததில்லை. எனக்குப் புரிந்தது வண்டிதான். நான் காலையில் ஏற்றிக்கொண்டு போனதில் பாதி டின் சாயங்காலம் என்னோடு திரும்பி வந்தது. வாரம் முழுக்க ஓடிய கம்பெனி ஒன்றுவிட்டு ஒரு நாள் ஓடியது. பிறகு வாரத்தில் இரண்டு நாள்.

தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் பாய் எல்லோரையும் கொட்டகையில் நிற்கவைத்துப் பேசினார். சிதம்பரத்தில் ஒரு ஸ்வீட் ஸ்டால் இருக்கிறது. அவருடைய அத்தா காலத்திலிருந்து தீபாவளிக்கு நம் பருப்பைத்தான் வாங்குகிறார்கள். இந்த வருஷமும் அவர்கள் ஆர்டர் கொடுத்தால், அதை வைத்து நம் ஊர்க் கொட்டை வருகிறவரை கம்பெனியை ஓட்டிவிடலாம். "இல்லன்னா பூட்டிற வேண்டியதுதான். வேற வழி எனக்கு தெரியல. துஆ செய்யுங்க, சாமி கும்புடுங்க, அவுங்கவுங்களுக்கு என்னா தெரியுமோ அத செய்யுங்க" என்றார்.

சிதம்பரத்துக்கு அம்மாவையும் கூப்பிட்டவர் அவர்தான். "நீயும் வாம்மா. நான் வியாபாரி, என் பேச்ச அவரு வியாபாரமாத்தான் கேப்பாரு. வேல செய்யுற பொம்பள வந்து நின்னா கொஞ்சம் யோசிப்பாரு" என்றார். அம்மா அன்றைக்கு, உங்கள் சித்தி கல்யாணத்துக்கு எடுத்த பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டாள். பாய் தன் காரில் முன்னால் போனார். நானும் அவளும் குட்டி யானையில், பின்னால் சாம்பிள் டின்னும் கடலூரில் இறக்க வேண்டிய சரக்கும்.

கடலூரைத் தாண்டியதும் அவள் பேச ஆரம்பித்தாள். அங்கே போய் என்ன சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டு வந்தாள்.

"ஐயா, நாங்க நாப்பது பொம்பளைங்க இருக்குறோம். எல்லாருக்கும் புள்ளைங்க படிக்குது. நீங்க பாத்து... மாமா, பாத்து செய்யுங்கன்னு சொல்றதா, மனசு வையுங்கன்னு சொல்றதா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்ல. பாத்து செய்யுங்கன்னா பிச்ச கேக்குற மாதிரி இருக்குது."

"அப்ப மனசு வையுங்கன்னு சொல்லு."

"அது ஓட்டு கேக்குற மாதிரி இருக்குது."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஆர்டர் கிடைத்தால் கோயிலுக்குள் போய் நடராஜரைப் பார்த்துவிட்டுத்தான் வண்டி ஏற வேண்டும் என்றாள். கிடைக்கவில்லை என்றால் என்று நான் கேட்கவில்லை. புதுச்சத்திரம் தாண்டும்போது, "கெடைக்கலன்னாலும் போலாம், சாமி என்னா செய்யும்" என்று அவளே சொன்னாள்.

கடை கோயில் வீதிக்குப் பக்கத்தில்தான். பின்பக்கம் பெரிய சமையல்கட்டு. அண்டா அண்டாவாகப் பாகு காய்ந்துகொண்டிருந்தது. கடைக்காரர் நல்ல மனிதர், எங்களுக்குப் பெஞ்சு போட்டு டீ வரவழைத்தார். பாய் சாம்பிள் டின்னைத் திறந்து காட்டினார். அந்த வாரத்தில் உடைத்த புதுப் பருப்பு. கடைக்காரர் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போட்டார்.

"பாய், சரக்க பத்தி நான் என்னா சொல்லப்போறேன். நல்ல சரக்குதான். ஆனா அந்தப் பெட்டி வர்ற வெலைக்கு உங்களால குடுக்க முடியுமா?"

"அது எப்பிடிங்க முடியும்? நான் நாப்பது பேருக்கு கூலி குடுக்கணும்."

"எனக்கும் இங்க ஆளுங்க இருக்காங்க. எதுத்த கடைக்காரன் அந்தப் பருப்ப போட்டு காஜு கத்லிய வெல கம்மியா போட்டுட்டான். ஜனம் எங்க போவும்? வாங்குறவன் யாராவது இது எந்த ஊரு முந்திரின்னு கேக்குறானா?"

"கேக்க வேணாம். வாய்ல போட்டா தெரிஞ்சுருமே" என்றார் பாய்.

"யாருக்கு தெரியும்? எனக்கே தெரியல."

அங்கேதான் பாய் அந்த வார்த்தையை விட்டார். அவருக்கும் கௌரவம் இருக்கிறது அல்லவா, டீ கிளாஸை வைத்துவிட்டு அம்மாவைக் காட்டினார். "இந்தப் பொண்ணுக்கு தெரியும். எத்தன வருஷமா ரகம் பிரிக்குது. கண்ண மூடிக்கிட்டே சொல்லும், எது நம்மளுது எது வெளியூர்துன்னு."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஸ்வீட் மாஸ்டரைக் கூப்பிட்டார். "பாத்துருவோமே. ஒரு பேச்சுக்கு."

மாஸ்டர் இரண்டு தட்டு கொண்டுவந்தார். ஒன்றில் எங்கள் டின்னிலிருந்து, ஒன்றில் பிரித்துவைத்த வியட்நாம் பெட்டியிலிருந்து. அம்மா என்னைப் பார்த்தாள். அவள் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததில் இது இல்லை. ஆனாலும் பயம் ஒன்றும் தெரியவில்லை, முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு கண்ணை மூடி உள்ளங்கையை நீட்டினாள்.

மாஸ்டர் முதலில் எங்கள் பருப்பை வைத்தார். எனக்குத் தெரியும், பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். அவள் மென்றாள். ஏதோ தெரியாத வீட்டுக்குள் நுழைந்தவள் மாதிரி நெற்றி சுருங்கியது. விழுங்கிவிட்டு மறுபடி கையை நீட்டினாள். அடுத்ததை வைத்தார். அதை இரண்டு கடி கடித்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"இதான்" என்றாள், கண்ணைத் திறக்காமலே. "இதான் நம்ம பருப்பு. மொதல்ல குடுத்தது வேற எதுவோ. இந்த வாசன எனக்கு தெரியாதா?"

மாஸ்டர் களுக்கென்று சிரித்தார். கடைக்காரர் சிரிக்கவில்லை, அவரை முறைத்தார். பாய் தரையைப் பார்த்தார். அம்மா கண்ணைத் திறந்து தட்டுகளைப் பார்த்தாள். பார்த்த உடனே தெரிந்துகொண்டாள். கண்ணால் என்றால் அவள் ஒரு நாளும் தப்ப மாட்டாள், அவளுடைய வேலையே கண்ணால் பிரிப்பதுதான். கண்ணை மூடு என்று சொல்லாமல் இருந்திருந்தால் பத்துத் தட்டு வைத்தாலும் சொல்லியிருப்பாள்.

"விடுங்க பாய்" என்றார் கடைக்காரர். "அந்தம்மா சரியா சொல்லியிருந்தாலும் நான் இதேதான் சொல்லியிருப்பேன். என்னால முடியாது. வேணும்னா ஒரு டின் வெச்சிட்டு போங்க, வீட்டுக்கு வெச்சிக்கிறேன்."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நாப்பது பொம்பளைங்க என்ற இடம் வரைக்கும் வந்தது. பிறகு என் சட்டையைப் பார்த்தாள், தன் புடவையைப் பார்த்தாள், நின்றுவிட்டாள். ஏன் நின்றாள் என்று பிறகு கேட்டேன். "ஒங்க சட்ட எந்த ஊருதுன்னு அவரு கேட்டா நான் என்னா சொல்றது?" என்றாள். அந்தச் சட்டை கடலூரில் பிளாட்பாரத்தில், மலிவாக இருக்கிறதே என்று வாங்கியது. எந்த ஊரில் தைத்தது என்று நானும் பார்க்கவில்லை.

அந்த ஆர்டர் உங்கள் அம்மாவால் போகவில்லை. அவள் சரியாகச் சொல்லியிருந்தாலும் போயிருக்கும். கடைக்காரர் வாயாலேயே சொன்னார், நான் கேட்டேன். இதை எத்தனையோ முறை அவளிடம் சொல்லிவிட்டேன். சரி சரி என்பாள், நம்பவில்லை என்று தெரியும். என்றைக்காவது நீங்களும் சொல்லிப் பாருங்கள்.

கோயிலுக்கு நாங்கள் போகவில்லை. தேரடி வழியாகத்தான் வண்டி வந்தது. நிறுத்தட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்று தலையாட்டினாள். ஆலப்பாக்கம் வந்துவிட்டது. அப்புறம், "மாமா, நாம முழுப்பருப்பு எப்ப தின்னோம்?" என்று கேட்டாள். நான் யோசித்தேன். கியர் மாற்றுவது மாதிரி பாவனை செய்து நேரம் கடத்தினேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் கண்ணை மூடித் தேடியது பொங்கல் குருணையின் சிக்கு வாடையை. கப்பலிலும் குடோனிலும் கிடந்து வந்த பெட்டிப் பருப்பில் அந்த வாடை இருந்தது. நம் புதுப் பருப்பில் அது எப்படி இருக்கும்?

தீபாவளி கழிந்ததும் கம்பெனியைப் பூட்டினார்கள். கடைசி நாள் செக்கிங் இல்லை. மடியை உதற ஆரம்பித்த பெண்களை, "வேணாம்மா, போங்க" என்றார் பாய். வாசலில் அவரே நின்று ஆளுக்கு ஒரு பை கொடுத்தார். குருணை இல்லை, முதல் ரக முழுப்பருப்பு. சிதம்பரத்துக்கென்று எடுத்து வைத்த சரக்கு அது. அம்மாவுக்குக் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "இத முன்னாடியே குடுத்துருக்கணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்றபடியே அவள் ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். எனக்கும் ஒன்று கொடுத்தாள். பாலில் சர்க்கரை போட்ட மாதிரி, ஆனால் சர்க்கரை இல்லை. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. "இதானா?" என்றாள். ஸ்வீட் கடையில் முதலில் கொடுத்ததும் இதுதான். "இத்தன நாளா இதத்தான் டின்ல போட்டு அனுப்பிக்கினு இருந்தேனா?" இரண்டாவது ஒன்று எடுக்கவில்லை. பையைக் கொண்டுவந்து உங்கள் முன்னால் வைத்தாள். நீங்கள் இருவரும் என் போனில் ஏதோ பார்த்துக்கொண்டே அள்ளி அள்ளித் தின்றீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை, பிள்ளைகள் அப்படித்தான் தின்னும். பார்த்து முடிப்பதற்குள் பை காலி. அப்பா, இன்னும் இருக்கா என்று சின்னவன் கேட்டான். அதுதான் கடைசி. உங்களுக்கு நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் கொஞ்ச நாள் வீம்பாக இருந்தேன். எதை வாங்கினாலும் எந்த ஊரில் செய்தது என்று பின்பக்கம் திருப்பிப் பார்ப்பேன். குடை, டார்ச், உங்கள் தண்ணீர் பாட்டில், கொசு பேட், எல்லாவற்றிலும் வேறு ஊர். தேவனாம்பட்டினம் கடற்கரையில் சின்னவன் அந்த வெளிச்சம் அடிக்கும் பம்பரம் கேட்டு அழுதானே, நான் வாங்கித் தரவில்லையே, அது காசு இல்லாமல் இல்லை. அதைத் திருப்பிப் பார்த்ததால்தான். அம்மா அங்கேயே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"புள்ளைக்கு வாங்கித்தர மாட்டீங்க. உங்க கைல இருக்குற போன் எங்க செஞ்சது? வண்டியில பாட்டு போடுறீங்களே, அந்தப் பொட்டி எங்க செஞ்சது? இந்த மாசம் நம்ம வருமானத்துக்கு நம்ம ஊருதா பாத்து பாத்து வாங்குனா நாம அரிசி வாங்கவே முடியாது, மாமா."

வேலை இருந்த நாளில் நம் ஊர்ச் சரக்கைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. வேலை போன பிறகு நினைக்கிறேன், ஆனால் அதை வாங்க இப்போது கையில் தெம்பு இல்லை. அந்த நாற்பது பேர் வீட்டிலும் இதுதான் கதை. ஒருத்தி அம்மாவுக்குப் போன் செய்து சொன்னாள், அடுத்த வருஷத் தீபாவளி மிக்சரில் போட அவள் வாங்கியதும் அந்தப் பெட்டிப் பருப்புதானாம். "வேற எத வாங்குறது அக்கா, அதான கம்மி" என்றாளாம். யார் மேல் கோபப்படுவது?

வியட்நாம்காரன் மேலா? அங்கேயும் மிஷின் பக்கத்தில் யாரோ ஒரு பெண் வாயில் துணி கட்டிக்கொண்டு நிற்பாள். அவளும் பருப்பை வாயில் போடக் கூடாதுதான். அடுத்து இன்னும் மலிவாக ஒரு நாடு வந்தால் அவளையும் அனுப்பிவிடுவார்கள்.

பாய் குட்டி யானையை விற்றுவிட்டார். அதை வாங்கியவரிடமே நான் ஓட்டுகிறேன், இப்போது தண்ணீர் கேன் போடுகிறேன். அதற்காகத்தான் செம்மண்டலம் வந்தோம். அம்மா வேலைக்குப் போகிற இடம் உங்களுக்குத் தெரியும், பாக்கெட் போடும் வேலை என்று சொல்லியிருக்கிறோம். என்ன பாக்கெட் என்று நீங்கள் கேட்டதில்லை. நாங்களும் சொல்லவில்லை. முந்திரிதான். அதே வியட்நாம் அட்டைப் பெட்டியைப் பிரித்து, எடை போட்டு, சின்னக் கவரில் அடைத்து ஒட்ட வேண்டும். கவரின் மேல் நம் ஊர்ப் பெயரைப் பெரிதாகப் போட்டு, பக்கத்தில் ஒரு முந்திரிப் பழம் வரைந்திருக்கும். கம்பெனியில் வாங்கியதைவிடக் கூலி கம்மி. கை கறுப்பதில்லை என்பது ஒன்றுதான் லாபம். இப்போது அவள் உங்களுக்குக் கையாலேயே ஊட்டலாம். நீங்கள் வளர்ந்துவிட்டீர்கள்.

அங்கே செக்கிங் கிடையாது. வேண்டுமானால் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள். அவள் போடுவதில்லை. வீட்டுக்கும் கொண்டுவருவதில்லை. ஒரு தடவை பொங்கலுக்கு அங்கே ஆளுக்கு ஒரு பாக்கெட் கொடுத்தார்கள். அதைக் கீழ் வீட்டு அம்மாளிடம் கொடுத்துவிட்டாள். அந்த அம்மாள் பொங்கல் வைத்து நமக்கும் கொஞ்சம் கொடுத்தனுப்பினார்கள். கிண்ணத்தைத் திறந்ததும் அந்த வாடை வந்தது, எங்கள் பழைய குருணை வாடையேதான். அம்மா கொஞ்ச நேரம் மோந்து பார்த்துவிட்டு, "நம்ம கம்பெனி வாசன" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சின்னவனே, பாயசத்தில் முந்திரி இல்லாததற்குக் காரணம் இதுதான். இன்னொரு முறை அம்மாவிடம் கேட்காதே. அடுத்த பிறந்த நாளுக்குத் திராட்சை கொஞ்சம் ஜாஸ்தியாகப் போடச் சொல்கிறேன். அது எந்த ஊர்த் திராட்சை என்று நான் திருப்பிப் பார்க்கப்போவதில்லை.